பாவிலா, ஊடையிலா

என் சுண்டுவிரல் வெந்துகொண்டிருப்பதை எனக்கு மூக்குதான் சொன்னது.

1986, மழை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு பட்டறையில் நான் தறி மேஸ்திரி. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் இடத்தில் நீராவிக் குழாய் கசிந்தது. இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருகிக்கொண்டிருந்தேன். கருகுகிற வாடை வந்தது. பஞ்சு ஏதும் ஒட்டிக்கொண்டதோ என்று குனிந்தேன். ஒட்டியிருந்தது என் விரல். தோல் வெள்ளையாகக் கழன்று நின்றது. வலி இல்லை.

வலித்திருந்தால் கத்தியிருப்பேன், யாராவது ஓடி வந்திருப்பார்கள். வலிக்காததால் துண்டைச் சுற்றிக்கொண்டு சும்மா நின்றேன். முழங்கைக்குக் கீழே சித்திரையிலிருந்து ஒரு வெளிறிய படை இருந்தது. தேமல் என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதன்மேல் ஊசியை வைத்து அழுத்தினேன். ஊசி எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்திருப்பது இன்னதென்று தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிப்பவன் நான். பதினோரு வருடமாக வாசித்துவந்தேன். ஆகவே குஷ்டம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். குருவாகிய ஆசாரியன் படையைப் பார்ப்பான். ஏழு நாள் அடைத்து வைப்பான். மறுபடி பார்ப்பான். அதுதான் என்றால் அவன் உதட்டை மூடிக்கொண்டு, தீட்டு தீட்டு என்று கூவியபடி, ஜனங்கள் கூடாரம் போட்டிருக்கும் பாளையத்துக்கு வெளியே போய்விட வேண்டும். வேதத்தில் யாருக்கு அது வந்தது என்பதும் தெரியும். கடவுளின் ஊழியக்காரரைக் குறை பேசினவர்களுக்கு வந்திருக்கிறது.

நானும் பேசியிருந்தேன். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அப்போது இருந்தவர் பாக்கியநாதன் ஐயர். அந்த வருடம் அசனம் என்ற சபை விருந்தில் எல்லாரும் இலையில் உட்கார்ந்தபோது கறி பற்றாமல் போயிற்று. மறுநாள் டீக்கடையில் நான் சொன்னேன்: "நாலு கால் ஆடுதான் வாங்கினோம். அதுல ஒரு கால் மட்டும் ஐயர் வீட்டுக்குத் தானா நடந்து போயிருச்சு." கடையே சிரித்தது. ஒரு வாரத்தில் சபையே சிரித்தது. அதற்குப் பிறகு ஐயர் என்னைப் பார்த்தால் ஒரு தலையசைப்போடு சரி. படை தெரிந்தது அடுத்த மாதம்.

தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வாசிப்பதை நிறுத்தினேன். வயிறு சரியில்லை என்று தனித்தட்டில் சாப்பிட்டேன். முன் அறையில் படுத்தேன். என் மனைவி பரிபூரணம் ஓமத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் எங்கேயாவது போய்விட்டால் அவளுக்கு யார் என்பதே என் யோசனை. அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கின. அறுந்த பாவு நூலை எடுத்து அச்சில் கோக்க இடது கையின் அந்த இரண்டு விரலும் வேண்டும். கை போனால் வேலை போகும்; வேலை போனால் ஏன் என்று ஊர் கேட்கும்.

இத்தனைக்கும் வத்திராயிருப்பு ரோட்டில், கான்சாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. எங்கள் சபைக்காரர்கள் நடத்தியது. ஊரில் அதற்குப் புண் ஆஸ்பத்திரி என்று பெயர். அங்கே வேலை பார்த்த இரண்டு பேர் நர்ஸ் வெள்ளத்தாய் சிஸ்டரும் டாக்டர் ஸிம்ஹாவும்.

டாக்டரம்மா யூதர். கேரளத்தில் பரூர். அண்ணன் தம்பி எல்லாரும் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறியபோது, படிப்பு முடியட்டும் என்று நின்றவர், படிப்பு முடிந்த பிறகும் நின்றுவிட்டார். ஐம்பது வயது இருக்கும். யூதர் என்றால் எங்களுக்கு வேதத்துக்குள் இருப்பவர்கள். அவர்களில் ஒருவர் குடையும் பையுமாக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. எங்கள் சபைப் பெண்கள் சிலர் அவர் சேலையைத் தொட்டுப் பார்த்தார்கள். பெத்தம்மாள் என்ற கிழவி, யோர்தான் ஆத்துத் தண்ணி இனிக்குமா என்று கேட்டாள். "நான் பெரியாத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவ, பாட்டி. அது இனிக்கும்" என்றார்.

சனிக்கிழமை டாக்டரம்மாவுக்கு ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டருக்கு ஓய்வுநாள். முன்பெல்லாம் ஞாயிறு ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கும். திங்கட்கிழமை கட்டைப் பிரித்தால் நாற்றம் தாங்காது. டாக்டரம்மா வந்த பிறகு ஏழு நாளும் கட்டுப் போடுவது நடந்தது. ஒருவர் சாமியை ஒருவர் கேலி செய்துகொண்டே ஒருவர் வேலையை ஒருவர் பார்த்தார்கள்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. கடவுள் கொடுத்த தண்டனையை மாத்திரை கொண்டு கழுவப் பார்ப்பது இன்னொரு பாவம் என்று நினைத்தேன். இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்போது அது எனக்கு மிகவும் தெளிவாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் அவர்கள் இருவருமே பட்டறைக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் அனுப்பிய பேண்டேஜ் ரோலில் பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளி. சிஸ்டர் அதை முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

"மொதலாளி, இதைப் புண்ணுல கட்டுனா புண்ணு ஆறாது. முளைக்கும்."

முதலாளி ஜகந்நாத ராஜா எழுந்து நின்று, தெலுங்கும் தமிழுமாக வரவேற்றார். "ரண்டி டாக்டரம்மா, உக்காருங்க. உங்க பேரே எங்க நரசிம்மசாமி பேரு. கோவமா வந்திருக்கீங்களோன்னு பயமா இருக்கு."

"என் பேருக்கு எங்க பாஷையில சந்தோஷம்னு அர்த்தம்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ லட்சுமி நரசிம்மர். சிரிச்ச மொகம்" என்று சமாதானமாகி என்னைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, இது என்னன்னு பாரு."

நான் போனேன். இடது கை துண்டுக்குள் இருந்தது. துணியில் நூலைப் பிரித்துப் பார்க்க இரண்டு கை வேண்டும். தறி ஓட்டும் மலைச்சாமியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, நான் வலது கையால் பிரித்தேன். நீளவாட்டில் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஊடை நூல் ஒன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"பாவுலதாம்மா இருக்கு. ஊடை சுத்தம். கஞ்சி பாவுக்கு மட்டுந்தான போடுதோம். மழை ஈரத்துல கஞ்சி புளிச்சுப் பூசணம் பிடிச்சிருக்கு. பொட்டிக்குள்ள காயாம வச்சுட்டாங்க."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"பாவிலா, ஊடையிலா! எத்தனை வருஷம் கழிச்சு இதை ஒருத்தர் வாயில கேக்கறேன். என் தம்பி இதைச் சொல்லி அழுதான், கேட்டோ."

அவர்கள் வழக்கத்தில் பையனுக்குப் பதிமூன்று வயதானால் சபைக்கு முன்னால் வேதத்தில் ஒரு பகுதியை வாசிக்க வேண்டுமாம். பிறந்த நாளைப் பொறுத்து எந்தப் பகுதி வரும் என்பது அமையும். தம்பிக்கு அமைந்தது இது. சொறி, சிரங்கு, துணியின் பாவிலோ ஊடையிலோ படரும் கறை, சுவரில் படரும் கறை. "மத்தவனுக்கெல்லாம் கடல் பிளக்குது, எனக்கு மட்டும் சிரங்கான்னு ஒரு மாசம் அழுதான். அவன் படிச்சுப் படிச்சு எனக்கும் மனப்பாடம். ஸாரஅத். அதான் இது."

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வாசித்த பழக்கம், வாய் நிற்கவில்லை. "அது குஷ்டம்லாம்மா? எங்க வேதத்துல குஷ்டம்னுதான் இருக்கு."

"உங்க வேதத்துல அப்படி இருக்கு. எங்களதுல ஸாரஅத்ன்னு இருக்கு. ஆளுக்கும் வரும், துணிக்கும் வரும், வீட்டுச் சுவத்துக்கும் வரும். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. நீங்க தறிக்காரர், நீங்க சொல்லுங்க. குஷ்டம் துணிக்கு வருமோ?"

அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். பாவு, ஊடை என்ற என் தொழில் வார்த்தைகள் வேதத்தில் வருவது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. துணிக்கு எப்படிக் குஷ்டம் வரும் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. வேதம் என்றால் கேள்வி வேறிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

"வராது" என்றேன்.

"ஏன்?"

"நூலுக்கு நரம்பு கிடையாதேம்மா. அதுக்கு வாறது பூசணம்."

சொன்னது என் வாய். கேட்டதும் என் காது. துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

சிஸ்டர் விடவில்லை. "அப்போ எங்க மொழிபெயர்ப்பு தப்புங்கிய?"

"தப்புன்னு சொல்லல்ல, வெள்ளத்தாய். எங்க எபிரேய பாஷையிலருந்து வேறொண்ணு, அதுலருந்து வேறொண்ணு. அஞ்சு கை மாறின நூல்ல கொஞ்சம் அழுக்குப் படாதோ?"

"எங்க வேதத்தை அழுக்குங்கிய! நாளைக்கு உங்களுக்கு நான் வென்னி வச்சுத் தரமாட்டேன், பாத்துக்கோங்க." மறுநாள் சனிக்கிழமை. டாக்டரம்மா அடுப்புப் பற்றவைக்காத நாள்.

போகும்போது டாக்டரம்மா முதலாளியிடம், "புது ரோலை மேஸ்திரியே கொண்டுவரட்டும். வேற ஆள் வேண்டாம்" என்றார். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு நூலைப் பிரிக்க நான் ஆள் கூப்பிட்டதைப் பார்த்திருந்தார்.

புது ரோல் தயாராக ஒரு வாரம் ஆயிற்று. நான் மலைச்சாமியை அனுப்பினேன். மாலையில் அவன் மூட்டையோடு திரும்பி, வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலேயே இறங்கிவிட்டான். நான் வீட்டுக்குப் போனபோது மூட்டை வாசலில் இருந்தது. மலைச்சாமி மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"யண்ணே, அந்தம்மா கிறுக்கா? நீ வந்தாத்தான் மூட்டையைப் பிரிப்பாகளாம். ரெண்டு பஸ்ஸு மாறிச் சொமந்துட்டு வாரேன். துணிய மேஸ்திரி கொடுத்தா என்ன, நான் கொடுத்தா என்ன? ஒட்டிக்கிடவா போகுது?"

அவன் போன பிறகு பரிபூரணம் கதவைச் சாத்தினாள்.

"அந்த டாக்டரம்மா ஒங்களை எதுக்குக் கூப்பிடுதாவ?"

நான் மூட்டையை உள்ளே நகர்த்தப் போனேன்.

"ஒங்களத்தான். ரெண்டு மாசமா ஒரு தட்டு. ஒரு பாய். தொண்டை கட்டியிருக்குன்னு வாசிக்கப் போகல, ஆனா மலைச்சாமிய வைய தொண்டை நல்லா இருக்கு. என்னன்னு சொல்லுங்க."

துண்டை எடுத்தேன். அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் இழுத்துக்கொண்டேன். தொடாதே, தீட்டு என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விரல், ஊசி, ஐயர், ஆட்டுக்கால்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஆட்டுக்காலில்தான் கோபம் வந்தது.

"ஆட்டுக்காலுக்கா? அதைக் கேட்டு நானுந்தான் சிரிச்சேன். பெத்தம்மா ஆச்சி சிரிச்சுப் புரைக்கேறிச்சு. எங்களுக்கெல்லாம் எங்க வந்திருக்கு? காட்டுங்க பாப்போம். பேசுனவனுக்கு ஒரு கணக்கு, சிரிச்சவளுக்கு ஒரு கணக்கா? கடவுளுக்கு வேற சோலியே இல்லையா?"

அன்று சாப்பாட்டுக்கு என் தனித்தட்டில் சோறு போட்டு, என் முன்னால் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டாள். எனக்கு அவள் தட்டைத் தள்ளினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். அன்றும் சனிக்கிழமையாக அமைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே வந்து ஆஸ்பத்திரிப் பின்னறையில் தங்கிவிடுவது டாக்டரம்மாவின் வழக்கம். எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"இன்னைக்கு ஓய்வுநாளாம்மா. பொறவு வாரோம்" என்றேன். ஓட ஒரு வழி கிடைத்தது போல இருந்தது.

"இன்னைக்கு நான் பேனாவைத் தொட மாட்டேன். உங்களைத் தொடலாம். வெள்ளத்தாய், நோட்டை எடுங்க."

என் முழங்கையை மடக்கி, உட்பக்கத்தில் விரலை வைத்து உருட்டினார். பரிபூரணத்தின் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. பஞ்சால் தொட்டுத் தொட்டு எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேட்டுக்கொண்டே போனார். சிஸ்டர் எழுதினார்.

"ரெண்டு வருஷம் மாத்திரை. முதல் மாசத்துலயே உங்ககிட்டருந்து யாருக்கும் பரவாமப் போயிரும். விரல் இப்பதான் மடங்குது. தோல்ல உணர்ச்சி வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பிடி வரும். இன்னும் ஆறு மாசம் துண்டுக்குள்ள வச்சிருந்தீங்கன்னா அதுவும் கிடையாது."

பரிபூரணம் அப்போதுதான் அழுதாள்.

நான் கேட்டேன். "அப்போ பாளையத்துக்கு வெளியேன்னு போட்டிருக்கே, அது?"

"அதுக்கு அடுத்த பக்கம் வாசிச்சிருக்கீங்களோ? வெளிய இருக்கறவனை யார் பாக்கணும்னு இருக்கு? அவன் வரமாட்டான். ஆசாரியன்தான் பாளையத்தை விட்டு எறங்கிப் போய்ப் பாக்கணும். நோய்க்காரனுக்கு ஒரு சட்டம்னா ஆசாரியனுக்கும் ஒரு சட்டம். எல்லாரும் முதல் பக்கத்தோட புஸ்தகத்தை மூடிடறாங்க."

"எங்க ஆண்டவரும் தொட்டுத்தான் சொஸ்தமாக்குனாரு" என்றார் சிஸ்டர், எழுதிக்கொண்டே.

"உங்க ஆண்டவரும் எங்க ஆள்தானே, வெள்ளத்தாய்."

"பேச்சைப் பாரு! நாக்குக்கும் ஓய்வுநாள் கிடையாதா?"

மாத்திரை தின்று என் தோல் கறுத்தது. இதற்கு மேல் கறுக்க இடம் இருக்கிறதா என்று பரிபூரணம் தினமும் பார்த்துச் சொல்வாள். விரலுக்கு எண்ணெய் போட்டு நீட்டி மடக்க வேண்டும். இராத்திரி மூங்கில் தப்பை வைத்துக் கட்ட வேண்டும். அதை அவள் எனக்கு விட்டதே இல்லை. பட்டறையில் முதலாளியிடம் டாக்டரம்மாவே வந்து பேசினார். முதலாளி, "விரல் எம்புட்டு நாள்ல நீளும்?" என்று மட்டும் கேட்டார்.

சபைக் கோவிலுக்குப் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் இல்லாத நாள், டாக்டரம்மாவுக்குக் கையாள் வேண்டும். பேண்டேஜ் கிழிப்பது, பழைய கட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிரிப்பது. நான் நெய்த துணி எங்கே போகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு பாக்கியநாதன் ஐயர் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். வெள்ளை அங்கியை மடித்துக் கையில் வைத்திருந்தார். நான் ஞாயிறுதோறும் அங்கே இருக்கிறேன் என்பதைத் தவிர வேறெதுவும் சிஸ்டர் அவரிடம் சொல்லவில்லையாம்.

"ஏலே காசிராஜா, சபைக்கு வராம இங்க என்ன செய்தே?"

கையை நீட்டிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். அதை நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். டாக்டரம்மா ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"ஐயர்வாள், நான் ஒங்களைப் பத்தி ஒரு பேச்சுப் பேசிட்டேன். அந்த ஆட்டுக்கால். அதுக்குத்தான் இதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஐயர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தக் கால் எங்க வீட்டுக்குத்தான்லே வந்துச்சு" என்றார். "அன்னைக்கு மச்சான் வீட்டுல எல்லாரும் வந்திருந்தாவ. சமையக்காரன் தூக்கிக் கொடுத்தான். நானும் வேண்டாம்னு சொல்லல. ரெண்டு நாள் சாப்பிட்டோம். நீ பேசினது நெசம். அதான் ஒன்கிட்ட எனக்கு மொகம் கொடுத்துப் பேச முடியல."

டாக்டரம்மாவின் தோள் குலுங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கிழவர் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் இடது கையை எடுத்தார். மடங்கிய விரல்களைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். பேசி முடிக்கும்வரை விடவில்லை.

"வாற ஞாயிறு நீதான் வாசிக்கே."

"சபையில ஏதும் சொல்லுவாவ."

"சொல்லுவாவ. ஆட்டுக்காலைப் பத்தி நான் மொதல்ல சொல்லிருதேன். ஒன்னைப் பத்திப் பேச அவுங்களுக்கு நேரம் இருக்காது."

அப்படியே சொன்னார். அதற்குப் பாதிப் பேர் சிரித்தார்கள். இரண்டு குடும்பம் எங்களை விட்டு விலகிப் பெஞ்சு மாறி உட்கார்ந்தது. அதில் ஒரு குடும்பம் அடுத்த வருடம் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

நான் எழுந்து போய் வாசித்தேன். பக்கத்தைப் பழக்கத்தில் இடது கையால் புரட்டினேன். தாள் இருப்பது அந்த விரல்களுக்குத் தெரியாததால் இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. பாதி வசனத்திலிருந்து வேறெங்கோ தாவி, குரலை மாற்றாமல் வாசித்துக்கொண்டே போனேன். சபை பக்தியாகக் கேட்டது. ஐயரும் தலையாட்டினார். பெண்கள் பக்கத்தில் பரிபூரணம் மட்டும் தலையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டி, பின்னால் போ என்று சைகை செய்தாள்.

டாக்டரம்மா 1993 வரை இருந்துவிட்டு இஸ்ரேலுக்குத் தம்பியிடம் போனார். சிஸ்டர் ரயிலடிவரை போய்ச் சண்டை போட்டு வழியனுப்பினார். பரிபூரணம் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் வாசிக்கிறேன், வலது கையால் புரட்டுகிறேன். சில ஞாயிறுகளில் மறந்து இடது கையால் புரட்டிவிட்டுப் பெண்கள் பக்கம் பார்ப்பேன். பிறகு நானே திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.